லிஃப்ட்காரர் ஏன் படியேறுகிறார்?

அந்த ஏழு மாடிக் கட்டிடத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை கிளம்பிய செய்தி இது: லிஃப்டின் கம்பி வடம் நைந்துவிட்டது, இன்றோ நாளையோ அறுந்து விழப்போகிறது.

யார் சொன்னது என்று கேட்டால் ஆறாம் மாடி வக்கீல் ஐந்தாம் மாடி டீச்சரைக் கை காட்டினார். டீச்சர் பார்சல் கொண்டு வருபவரைக் காட்டினார். பார்சல்காரர் வாட்ச்மேனைக் காட்டினார். வாட்ச்மேன் காட்டுவதற்கு ஆள் இல்லாததால் உண்மையைச் சொன்னார்.

"நான் எதுவும் சொல்லல சார். பார்த்தேன், அவ்வளவுதான். மூணாவது மாடியில இருக்காரே, லிஃப்ட் ரிப்பேர் பண்றவரு, அவரு ஒரு மாசமா நம்ம லிஃப்ட்ல காலே வைக்கல. ரெண்டு பிள்ளைங்களையும் இழுத்துக்கிட்டு படியிலதான் போறாரு, வர்றாரு. உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சவரே ஏற மாட்டேங்கிறாரு. அப்புறம் நாம எப்படி ஏறுறது?"

இதற்குக் கண், காது, மூக்கு வைத்தவர் ஏழாம் மாடி அம்மாள். இரவு ஏழு மணிக்குப் படிக்கட்டில் ஒரு குழந்தை அலறியதைத் தன் இரண்டு காதாலும் கேட்டதாகச் சொன்னார். அலறிய வாசகம்: "லிஃப்ட் தாங்காது! ஒருத்தர் இறங்குங்க!"

வியாழக்கிழமைக்குள் லிஃப்ட் காலியாகிவிட்டது. விஷயம் தெரியாமல் புதிதாகக் குடிவந்த ஒரு தம்பதி மட்டும் இரண்டு நாள் ராஜா ராணி மாதிரி போய்வந்தார்கள். மூன்றாம் நாள் அவர்களுக்கும் யாரோ நல்லது செய்துவிட்டார்கள்.

வதந்தி என்றாலே பொய் என்று தள்ளிவிட முடியாது. தட்டிப் பார்த்தால் உள்ளே எங்கோ கொஞ்சம் உண்மை கடகடவென்று ஆடும். இதற்குள் ஆடியது நூற்று ஒன்பது கிலோ.

அது மூன்றாம் மாடிக்காரரின் எடை. மூன்று மாதத்துக்கு முந்தைய எடை என்று சேர்த்துச் சொல்லாவிட்டால் அவர் கோபித்துக்கொள்வார்.

லிஃப்டுக்குள் ஒரு தகடு இருக்கும், பார்த்திருப்பீர்கள். ஆறு நபர், நானூற்று எட்டு கிலோ. வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு அறுபத்தெட்டு. லிஃப்ட் உலகத்தில் மனிதன் என்றால் அறுபத்தெட்டு கிலோதான். அவன் நல்லவனா கெட்டவனா என்பதெல்லாம் அப்புறம். இந்தக் கணக்குப்படி நம்மவர் ஒரு ஆளுக்கு மேலே, இரண்டு ஆளுக்குக் கீழே. அதனால் கம்பெனியில் அவருக்குப் பெயர் ஒன்றரை. "சரியாச் சொன்னா ஒன்று புள்ளி ஆறு வருது. கூட்டாளியாச்சேன்னு குறைச்சிருக்கோம்" என்பார் அவரோடு எப்போதும் ஜோடியாக வேலைக்குப் போகும் இன்னொரு மெக்கானிக்.

ஒன்றரைக்கு அந்தப் பெயரில் வருத்தமில்லை. இருண்ட குழிக்குள் லிஃப்டின் தலைமேல் நின்று, பெல்ட்டைக் கொக்கியில் மாட்டிக்கொண்டு, வடத்தை விரலால் தடவிப் பார்த்தே எந்த இழை தேய்கிறது என்று சொல்லிவிடுவார். வேலைக்காரன் என்றால் அப்படி. எடையைப் பற்றி யாரும் பேசவில்லை, புதிய பாதுகாப்பு அதிகாரி வரும்வரை.

புது மேடத்துக்கு அச்சடித்ததை எல்லாம் படிக்கும் வியாதி. சோப்பு உறையைக்கூடக் கடைசி வரி வரை படிப்பார் என்று பேச்சு. அவர் பெல்ட்டின் உட்புறத்தில் தைத்திருந்த துணிச்சீட்டைப் படித்தார். பத்து வருடமாக அதை யாரும் படித்ததில்லை. "அதிகபட்சம் நூறு கிலோ" என்று இருந்தது.

உடனே கிடங்கில் இருந்த தராசை வெளியே எடுக்கச் சொன்னார். லிஃப்டுக்குள் இரும்புக் கட்டிகளை அடுக்கித்தான் அது பாரம் தாங்குகிறதா என்று பார்ப்பார்கள். ஒவ்வொரு கட்டியும் இருபது கிலோ. அந்தக் கட்டிகளைச் சரிபார்க்கிற தராசு அது. அதன்மேல் பன்னிரண்டு மெக்கானிக்குகளும் வரிசையாக ஏறினார்கள். பதினொரு பேர் தப்பினார்கள்.

"மேடம், இவரை ஆளா எண்ணாதீங்க. கட்டியா எண்ணிக்கலாம். அஞ்சரை கட்டி" என்றார் ஜோடி மெக்கானிக். மேடம் சிரிக்கவில்லை.

"மூணு மாசம் டைம். நூறுக்குள்ள வாங்க. வரலைன்னா பெல்ட் கிடையாது. புகார் எடுக்கிற போன் சீட்டுக்குப் போயிடுங்க. அந்த நாற்காலிக்கு எடை வரம்பு இல்ல. நான் பார்த்துட்டேன்."

வரம்பு நாற்காலிக்கு இல்லாவிட்டாலும் அதன் நேரத்துக்கு இருந்தது. போன் சீட் மதியம் இரண்டு மணியிலிருந்து இரவு பத்து மணி வரை. ஒன்றரைக்கு இடித்தது அதுதான். அவர் மனைவி ஒரு பல் மருத்துவமனையின் முன்மேசையில் வேலை பார்த்தார். சனிக்கிழமை உட்பட தினமும் மாலை நாலரையிலிருந்து ஒன்பது. ஒன்றரை நாலு மணிக்கு வீடு திரும்புவார். வாசலில் கைமாற்றம் நடக்கும்: ஐந்து வயது மகள், இரண்டரை வயது மகன், வீட்டுச் சாவி. போன் சீட்டுக்குப் போனால் வாங்கிக்கொள்ள ஆள் இருக்காது. பிள்ளைகளை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போக முடியாது.

மனைவி ஐந்து வருடம் வீட்டில் இருந்துவிட்டு எட்டு மாதம் முன்புதான் மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தார். அங்கே வருகிறவர்கள் பல்வலியில் துடித்தாலும் ஒருவர்கூட "அம்மா, கழுவி விடு" என்று கத்துவதில்லை. அந்த நாலரை மணி நேரத்தை அவர் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. விஷயத்தைக் கேட்டதும் நேராகச் சொன்னார்.

"நான் வேலைய விட்டுடறேன்னு மட்டும் என் வாயால வராதுங்க. நீங்க ஒம்பது கிலோவ விடுங்க."

விடுவது என்று முடிவானது. எப்படி விடுவது என்பதில்தான் வீடு ரணகளமானது.

உடற்பயிற்சிக் கூடத்துக்கு இரண்டு பிள்ளைகளோடு போக முடியாது. காலையில் ஓடலாம் என்று ஐந்து மணிக்குப் பூனை மாதிரி எழுந்தால், செருப்பைத் தொடும் முன்பே மகன் விழித்து "அப்பா எங்க?" என்று கட்டிடத்துக்கே அறிவிப்பான். கைப்பேசியில் ஒரு பயிற்சி வீடியோவை வைத்துவிட்டுத் தரையில் படுத்தார். வயிற்றை உள்ளிழுத்துத் தலையைத் தூக்குவதற்குள் மகன் வயிற்றின்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டான். மகள் அப்பா தூங்கப் போகிறார் என்று போர்வை கொண்டுவந்து போர்த்தினாள். வெதுவெதுப்பாக இருந்ததால் தூங்கியும் விட்டார்.

சரி, இரவுச் சாப்பாட்டையே நிறுத்துவோம் என்று வீராப்பாக அறிவித்தார். இரண்டு வாரம் கழித்துக் கிடங்குத் தராசில் ஏறினால், நானூறு கிராம் கூடியிருந்தது.

மனைவிக்கு இது பிடிபடவில்லை. "ராத்திரி ஒண்ணுமே சாப்பிடலையா?"

"தண்ணியைத் தவிர ஒண்ணுமில்ல."

"பிள்ளைங்க மிச்சம் வைக்கிறது எங்க போகுது?"

ஒன்றரை விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். ரொட்டியின் ஓரம், மஞ்சள் கரு எடுத்த முட்டை, பல் பதிந்த வாழைப்பழம், சூப்பின் அடியில் கிடக்கும் நூடுல்ஸ். இதெல்லாம் சாப்பாடு என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. பாத்திரம் கழுவுவதற்கு முந்தைய ஒரு வேலை என்றே நினைத்திருந்தார்.

மறுநாள் மனைவி மூடி போட்ட டப்பா ஒன்றை மேசையில் வைத்தார். "மிச்சத்த வாயில போடாதீங்க, இதுல போடுங்க. வந்து பார்க்கிறேன்."

அன்று வந்து பார்த்தார். டப்பாவைச் சமையலறைத் தராசில் வைத்தார். நானூற்று முப்பது கிராம்.

"இது அரை ஆளு சாப்பாடுங்க. பகல்ல உங்களுக்கு ஒரு ஆளு சாப்பாடு, சாயங்காலம் இது அரை. ஒன்றரைன்னு சும்மாவா பேரு வச்சாங்க!"

டப்பா இன்னொன்றையும் காட்டிக்கொடுத்தது. பிள்ளைகள் சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடிக்கவில்லை. தட்டில் மலையைக் குவித்தது அப்பாதான். பாதி வைத்து, கேட்டால் மறுபடி வைத்தார். ஒரு வாரத்தில் டப்பாவில் நாலு பருக்கையும் ஒரு ரொட்டி ஓரமும்தான் மிஞ்சியது. தானும் பட்டினி கிடப்பதை விட்டுவிட்டு ஆறு மணிக்குப் பிள்ளைகளோடு உட்கார்ந்தார். மகள் தன் பழைய தட்டை அவருக்குத் தாராளமாக ஒதுக்கினாள். அடியில் முயல் படம் போட்ட சின்னத் தட்டு. "முயலோட காது தெரியணும், அப்பா. மூடினா அதுக்குக் கேக்காது." முயலுக்குக் காது கேட்பதற்காக ஒரு பெரிய மனிதர் இரண்டு கரண்டியோடு நிறுத்திக்கொண்டார்.

ஆறாவது வார முடிவில் நூற்று நாலு. அதோடு, பழுதான லிஃப்ட் மாதிரி, நூற்று நாலிலேயே நின்றுவிட்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை, கதவும் திறக்கவில்லை.

படிக்கட்டு தற்செயலாகத்தான் வந்தது. ஒருநாள் சாயங்காலம் யாரோ வீடு மாறுகிறார்கள். லிஃப்ட் முழுக்கக் கட்டிலும் பீரோவும். மகனைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஒன்றரை படியில் இறங்கப் போனார். மகள் அவரைக் குனியச் சொல்லி இடது காதைப் பிடித்து அமுக்கினாள்.

"ஏழாவது மாடி."

வேறு அப்பாவாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார். இவருக்குத் தொழில் இரத்தத்தில் இருந்தது. "டிங். கதவு மூடுகிறது. ஓரமாக நிற்கவும்" என்றார் தொழில்முறைக் குரலில். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டார்.

அன்றிலிருந்து சாப்பிட்டு அரைமணி கழித்து லிஃப்ட் புறப்படும். இடது காது மேலே, வலது காது கீழே, மூக்கு அபாய மணி. மகள் ஆபரேட்டர், மகன் நிரந்தரப் பயணி. ஆபரேட்டருக்கே கால் வலித்து அவளும் ஏறப் பார்த்தால், விதிப்படி அவளே மணி அடித்து, படிக்கட்டு எதிரொலிக்கக் கத்துவாள்: "லிஃப்ட் தாங்காது! ஒருத்தர் இறங்குங்க!" பிறகு விதிப்படி அவளே இறங்குவாள். ஏழாம் மாடி அம்மாளின் இரண்டு காதும் கேட்டது இதைத்தான்.

முதல் வாரம் லிஃப்ட் நாலாவது மாடியிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியது.

"லிஃப்ட் ரிப்பேர். மெக்கானிக்கக் கூப்பிடுங்க" என்றாள் மகள்.

"மெக்கானிக்கே நான்தாம்மா."

"அப்ப நீங்களே உங்கள ரிப்பேர் பண்ணிக்கோங்க. நாங்க வெயிட் பண்றோம்."

இரண்டு பேரும் படியில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். இரண்டாம் வாரம் ஐந்தாவது மாடி. மூன்றாம் வாரம் ஏழு, ஒரு தடவை. நாலாம் வாரம் ஏழு, மூன்று தடவை.

இந்த நேரத்தில்தான் வதந்தி கிளம்பி, குடியிருப்போர் சங்கச் செயலாளர் வீடு தேடி வந்தார். கையில் நோட்டுப் புத்தகம், முகத்தில் துக்கம் விசாரிக்கும் பாவனை.

"மனசுல இருக்கிறதச் சொல்லிடுங்க தம்பி. வடம் எத்தனை நாள் தாங்கும்?"

"வடத்துக்கு என்ன சார்? கல்லு மாதிரி இருக்கு."

"பின்ன ஏன் படியில போறீங்க?"

"எடை குறைக்க சார்."

செயலாளர் அவரை உச்சந்தலையிலிருந்து கால்வரை நிதானமாகப் பார்த்தார். அடுக்குமாடிக் கட்டிடத்தைப் பார்ப்பதுபோல மாடி மாடியாகப் பார்த்தார்.

"எத்தனை நாளா?"

"மூணு மாசமா."

"தம்பி, நாங்க பெரியவங்க. எங்ககிட்டயே மறைக்கலாமா?"

கதவைச் சாத்திவிட்டு ஒன்றரை சமையலறைக்குப் போனார். மேசையில் மகன் கடித்துவைத்த அரை பிஸ்கட் கிடந்தது. டப்பா வந்ததிலிருந்து அதற்குள் போகாமல் நேராக வாய்க்குப் போன முதல் மிச்சம் அது. மென்றுகொண்டே நின்றார். தேதி நெருங்கிவிட்டது; இன்னும் எட்டு நாள். பிறகு மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு மகளைக் கூப்பிட்டார். அன்று லிஃப்ட் நாலு தடவை ஏழாம் மாடிக்குப் போனது.

செயலாளர் அதோடு விடவில்லை. கம்பெனிக்கு முத்திரை வைத்து ஒரு புகார் எழுதினார். தங்கள் மெக்கானிக்கே கடந்த ஒரு மாதமாக ஒருநாள்கூடத் தவறாமல், தினமும் மும்முறை, குழந்தையைச் சுமந்துகொண்டு, தரைத்தளத்திலிருந்து ஏழாம் மாடி வரை படியேறுவதைக் குடியிருப்போர் பலரும் கண்ணால் கண்டுள்ளனர். கீழே பதினாலு கையெழுத்து.

அச்சடித்ததைப் படிக்கிறவர் கையால் எழுதியதை விடுவாரா? அடுத்த சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு மேடமே வந்துவிட்டார். கூடவே ஜோடி மெக்கானிக், ஒரு வண்டி, வண்டியில் இரும்புக் கட்டிகள், அந்தத் தராசு.

மூன்றாம் மாடி லிஃப்ட் அப்போது ஐந்தாம் மாடியில் இருந்தது. சனிக்கிழமை என்பதால் மதியமே ஒரு சிறப்புப் பயணம். வாட்ச்மேன் கீழேயிருந்து கத்தினார்: "சார்! உங்க ஆபீஸ்ல இருந்து வந்திருக்காங்க!"

ஒன்றரை திரும்பினார். இடது காதில் ஒரு இழுப்பு.

"நான் ஏழு அமுக்கியிருக்கேன்!"

"அப்புறம் போகலாம்மா, கூப்பிடுறாங்க."

"ரெண்டு மாடி இருக்கு!"

"பாக்கி வச்சுக்கோ. தர்றேன்."

கீழே பதினாலு கையெழுத்தும் நேரில் நின்றன. முதலில் இருபது கட்டிகளை உள்ளே அடுக்கினார்கள். லிஃப்ட் முனகாமல் ஏழுவரை போய் வந்தது. இன்னும் மூன்று கட்டி வைத்ததும் மணி அடித்து, கதவை மூட மறுத்தது.

"இப்படித்தான் மறுக்கணும். லிஃப்ட்ல ஒரு குறையும் இல்ல" என்றார் மேடம்.

"அப்ப இவரு ஏன் படியில போறாரு?" என்றார் செயலாளர்.

"அதத்தான் இப்ப பார்க்கப் போறேன்." மேடம் தராசைக் காட்டினார். "திங்கக்கிழமை உங்க கடைசி நாள். தராசு இங்கயே இருக்கு. ஏறிடுங்க."

வேலைக்குக் கிளம்பி இறங்கிய மனைவி, தோளில் பையோடு கூட்டத்தின் ஓரத்தில் நின்றார். ஒன்றரை மகனை இறக்கிவிட்டு ஏறினார்.

நூற்று ஒன்று, முந்நூறு கிராம்.

"பாக்கெட்டக் காலி பண்ணுங்க" என்றார் மனைவி ஓரத்திலிருந்து. கை உள்ளே போய்ப் போய் வந்தது: சாவிக்கொத்து, ஸ்பேனர், டெஸ்டர், இரண்டு போல்ட், சக்கரம் இல்லாத கார், காய்ந்த களிமண் உருண்டை, பயணியின் சேமிப்பாக ஐந்து கூழாங்கல்.

நூறு, அறுநூறு கிராம்.

"லிஃப்ட் தாங்காது!" என்று கணீரென்று ஒரு குரல். "ஒருத்தர் இறங்குங்க!"

பதினாலு கையெழுத்தும் வெடித்துச் சிரித்தன. ஏழாம் மாடி அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. "இந்தக் குரல்தான்! இதேதான்!" என்று பக்கத்தில் இருந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எட்டு கிலோவுக்கு மேல குறைச்சிருக்காரு மேடம்" என்றார் டீச்சர். "அறுநூறு கிராம்தானே?"

"பெல்ட்டுக்கு 'தானே' எல்லாம் படிக்கத் தெரியாதுங்க." மேடம் பையிலிருந்து புகாரை எடுத்து, முதலிலிருந்து ஒருமுறை படித்தார். இரண்டாம் பத்தியில் விரல் நின்றது. "ஒருநாள்கூடத் தவறாமல், தினமும் மும்முறை. குழந்தையைச் சுமந்துகொண்டு. இது உண்மைதானா சார்?"

"கண்ணால பார்த்தது மேடம்" என்றார் செயலாளர் பெருமையாக. "பதினாலு பேர் கையெழுத்து இருக்கு."

"இதைவிட எனக்கு அத்தாட்சி வேண்டாம்." அந்தக் காகிதத்தின் ஓரத்திலேயே பேனாவை எடுத்து எழுதினார். "அறுநூறு கிராம் பாக்கி. ரெண்டு வாரம் தர்றேன். அதுவரைக்கும் பெல்ட் இல்ல, குழிக்குள்ள இறங்கக் கூடாது. மெஷின் ரூம்ல வேலை. போன் சீட்டுக்கு வேற ஆள் பார்த்துக்கிறேன். இப்படியே ஏறிட்டு இருங்க. நின்னா எனக்குக் கடிதம் வந்துடும்."

ஒன்றரை தராசிலிருந்து இறங்க மறந்து நின்றார். ஜோடி மெக்கானிக்தான் கையைப் பிடித்து இறக்கினார். "டேய், இனிமே உன்ன என்னன்னு கூப்பிடுறது? நூறை அறுபத்தெட்டால வகுத்தா ஒன்றரை சரியா வருது. இத்தனை நாள் கடன்ல ஓட்டின பேரு, இப்பதான்டா உனக்குச் சொந்தமாச்சு."

மனைவி மணியைப் பார்த்தார். ஓட வேண்டிய நேரம். ஓடுமுன் அருகில் வந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னார்: "அறுநூறுன்னா ஒன்றரை டப்பா. அவ்வளவுதாங்க." போகும்போது அவர் கன்னத்தில் ஒட்டியிருந்த களிமண்ணைத் துடைத்துவிட்டுப் போனார்.

லிஃப்ட் நல்லாயிருக்கிறது என்று நிரூபணமான பிறகும் வக்கீல் படியில்தான் ஏறுகிறார். வடத்தின்மேல் இன்னும் சந்தேகம் என்கிறார். அவருடைய பழைய கோட்டின் பொத்தான் இப்போது மூடுகிறது என்பதைக் குறுக்கு விசாரணையில்கூட ஒப்புக்கொள்ளவில்லை.

கூட்டம் கலைந்ததும் ஒன்றரை மகனைத் தோளில் ஏற்றி, மகளுக்கு முன் குனிந்தார்.

"வா, இங்கேருந்து ஏழு வரைக்கும் போகலாம். அந்த ரெண்டு மாடியும் இதுலயே அடங்கிடும்."

"அடங்காது."

"ஏன்டா?"

"இது புதுப் பயணம். அது பழசு. அது நீங்க பாதியில நிறுத்தினது."

"சரி, அஞ்சாவது மாடியில கொஞ்சம் நின்னு, அங்கேருந்து மறுபடி கிளம்புறேன். அப்ப தீர்ந்துடுமா?"

மகள் ஆபரேட்டரின் பொறுப்போடு யோசித்தாள்.

"பார்க்கலாம்" என்று இடது காதை அமுக்கினாள்.

"டிங்" என்றார் அவர். கதவு மூடியது. ஆறு நாள் ஆகிவிட்டது. தினமும் ஐந்தாம் மாடியில் ஒருமுறை நின்று கிளம்புகிறார்கள். ரெண்டு மாடி இன்னும் பாக்கி என்றுதான் அவள் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.